மார்கரெட்டே பீபர்: கிரேக்க ஆடையையும் அரங்கையும் ஆராய்ந்த தொல்லியலாளர் குறித்துச் சில ஐயங்கள்

கேள்வி

அனைவருக்கும் வணக்கம். நான் கல்லூரி ஒன்றில் நாடக வரலாறு கற்பித்து வருகிறேன். இந்தப் பருவத்தில் பண்டைய கிரேக்க அரங்கு பற்றிப் பாடம் எடுக்க வேண்டியிருந்ததால், மார்கரெட்டே பீபர் எழுதிய கிரேக்க, உரோமானிய அரங்க வரலாற்று நூலை நூலகத்திலிருந்து எடுத்து வந்தேன். 1939இல் முதற்பதிப்பும் 1961இல் திருத்திய பதிப்பும் கண்ட அந்த ஆங்கில நூலில் நூற்றுக்கணக்கான படங்கள் உள்ளன: சாடி ஓவியங்கள், சுடுமண் பொம்மைகள், பளிங்குப் புடைப்புச் சிற்பங்கள், சிதைந்த அரங்குகளின் தரைப்படங்கள். நாடகப் பனுவல்களை மட்டும் வைத்துப் பாடம் நடத்திப் பழகிய எனக்கு, நடிகர் என்ன உடுத்தினார், எப்படி நின்றார், முகமூடியை எப்படிப் பிடித்தார் என்பதையெல்லாம் கண்ணால் காணக் கிடைத்தது பெரிய பேறாக இருந்தது.

நூலாசிரியரைப் பற்றித் தேடியபோது துண்டுதுண்டான செய்திகளே அகப்பட்டன. ஜெர்மனியில் யூதக் குடும்பத்தில் பிறந்தவர், கீசன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றியவர், பிறகு நியூயார்க் சென்றவர் என்பதற்கு மேல் விளக்கமாக எதுவும் இல்லை. ஓரிடத்தில் அவரே ஜெர்மனியின் முதல் பெண் பேராசிரியர் என்றும் எழுதியிருந்தார்கள்; அது சரிதானா என்று தெரியவில்லை. பெண்கள் பல்கலைக்கழகத்தில் முறையாகச் சேரவே முடியாத காலத்தில் அவர் எப்படி இந்தத் துறைக்குள் நுழைந்தார்? தொல்லியல் அறிஞர் ஒருவர் துணிமணி பற்றி இவ்வளவு அக்கறையோடு எழுதக் காரணம் என்ன? அரங்கு பற்றிய அவருடைய முடிவுகளில் எவற்றை இன்றும் நம்பி மாணவர்களிடம் சொல்லலாம்? துறை அறிந்தவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

மறுமொழி 1

வணக்கம் ஐயா. செவ்வியல் தொல்லியலின் வரலாற்றைப் பல ஆண்டுகளாகப் படித்து வருபவன் என்ற முறையில், உங்கள் முதல் ஐயத்துக்கு என்னால் இயன்ற அளவு விடை சொல்கிறேன்.

பீபர் 1879ஆம் ஆண்டு ஜூலை 31ஆம் நாள், அன்று மேற்குப் பிரஷியாவாக இருந்து இன்று போலந்தில் உள்ள ஷோனாவ் என்ற ஊரில், ஆலை உரிமையாளர் ஒருவரின் மகளாகப் பிறந்தார். வசதியான குடும்பம்தான் என்றாலும், அந்த நாளில் பெண் பிள்ளைகளுக்கு இருந்த பள்ளிப் படிப்பு பல்கலைக்கழக வாசல் வரை கொண்டு சேர்க்காது. ஆண்களுக்கான உயர்நிலைப் பள்ளியின் இறுதித் தேர்வை எழுதித் தேறினால் மட்டுமே மேற்படிப்பைப் பற்றி நினைக்க முடியும். அதற்கு வேண்டிய கிரேக்கத்தையும் இலத்தீனையும் பெர்லினில் பெண்களுக்கென நடத்தப்பட்ட தனி வகுப்புகளில் கற்று, 1901இல் தோர்ன் நகரில், அதாவது இன்றைய தோருனில், வெளித்தேர்வராக அத்தேர்வை எழுதி வென்றார்.

வென்ற பிறகும் பெர்லின் பல்கலைக்கழகத்தில் அவர் முழு மாணவியாகச் சேர இயலவில்லை. பிரஷியப் பல்கலைக்கழகங்கள் பெண்களை முறைப்படி பதிவு செய்துகொள்ளத் தொடங்கியது 1908இல்தான். அதுவரை பெண்கள் ஒவ்வொரு பேராசிரியரிடமும் தனித்தனியாக இசைவு பெற்று, வகுப்பில் உட்கார்ந்து கேட்கும் விருந்தினராகவே இருக்க முடிந்தது. இசைவு தருவதும் மறுப்பதும் அந்தப் பேராசிரியரின் விருப்பம். பீபர் பெர்லினில் விலமோவிட்ஸ், ஹெர்மான் டீல்ஸ், கெக்கூலே ஆகியோரின் விரிவுரைகளைக் கேட்டார். கிரேக்க மொழியியலிலும் சிற்ப வரலாற்றிலும் அன்றைய ஐரோப்பாவில் இவர்களுக்கு மேல் ஆள் இல்லை என்று சொல்லத்தக்கவர்கள் இவர்கள். ஆயினும் பீபரின் வாழ்க்கையைத் திசை திருப்பியவர் வேறொருவர். 1904இல் அவர் பான் நகருக்குச் சென்று கியோர்க் லோஷ்கேயிடம் சேர்ந்தார். கிரேக்கத்தின் வெண்கலக் காலத்தைச் சேர்ந்த மைசீனிய மட்பாண்டங்களை அடோல்ஃப் ஃபுர்ட்வெங்லருடன் சேர்ந்து வகைப்படுத்தி வெளியிட்ட அறிஞர் அவர். பெண்கள் ஆய்வு செய்வதை மனதார வரவேற்ற ஆசிரியரும்கூட.

பானில் 1907இல் பீபர் முனைவர் பட்டம் பெற்றார். கணக்கிட்டுப் பாருங்கள்: பிரஷியாவில் பெண்களுக்குச் சேர்க்கை உரிமை கிடைப்பதற்கு ஓராண்டு முன்பே அவர் முனைவர் ஆகிவிட்டார். அந்த ஆய்வேட்டின் பொருள் டிரெஸ்டனில் உள்ள நடிகர் புடைப்புச் சிற்பம். துன்பியல் நாடகத்தின் உடை வரலாற்றுக்கும் கிரேக்கக் கலைக்கும் ஒரு பங்களிப்பு என்று அதற்குத் துணைத்தலைப்புக் கொடுத்திருந்தார். உடை, அரங்கு, சிற்பம் மூன்றும் அவருடைய முதல் நூலிலேயே ஒன்றாகப் பின்னிக் கிடப்பதைக் கவனியுங்கள். அடுத்த 70 ஆண்டுகள் அவர் அந்த மூன்றையும் விடவே இல்லை.

1909இல் ஜெர்மன் தொல்லியல் நிறுவனத்தின் பயண உதவித்தொகை அவருக்குக் கிடைத்தது. 1859 முதல் இளம் ஆய்வாளர்களை ஓராண்டுக் காலம் மத்தியதரைக் கடல் நாடுகளுக்கு அனுப்பி வந்த உதவித்தொகை அது. அதைப் பெற்ற முதல் பெண் பீபர். ஏதென்சு, உரோம் என்று தங்கி, சிற்பங்களை நேரில் பார்த்துப் பழகும் வாய்ப்பு அதனால் வந்தது. திரும்பிய பிறகு காசல் அருங்காட்சியகத்தின் பழங்காலச் சிற்பங்களுக்கும் வெண்கலப் பொருள்களுக்கும் விளக்கப் பட்டியல் எழுதி 1915இல் வெளியிட்டார். அங்குள்ள பளிங்குச் சிலைகளில் பெரும்பாலானவை, புகழ்பெற்ற காசல் அப்பல்லோ உட்பட, கிரேக்க மூலங்களைப் பார்த்து உரோமானியக் காலத்தில் செய்யப்பட்ட படிகள். இந்தச் செய்தியை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். அவருடைய கடைசி நூலுக்கு வரும்போது இது பயன்படும்.

முதல் உலகப் போர்க் காலத்தில் நடந்ததை எண்ணும்போதெல்லாம் எனக்கு வருத்தம் மேலிடுகிறது. லோஷ்கே அப்போது பெர்லினில் பேராசிரியராக இருந்தார். அவர் நோயுற்றபோது வகுப்புகளைப் பீபர் கவனித்துக்கொண்டார். 1915 நவம்பரில் லோஷ்கே இறந்த பிறகும் மாணவர்களைக் கைவிடாமல் தொடர்ந்து நடத்தினார். 1916இல் அந்தப் பதவிக்கு வந்த ஃபெர்டினாண்ட் நோவாக், பெண் ஒருவர் அங்கே கற்பிப்பதை ஏற்கவில்லை. பீபர் தம் வீட்டிலேயே மாணவர்களுக்குத் தனியாகப் பாடம் சொல்லலானார். போர் முடிந்து, வெய்மார் குடியரசு பிறந்து, பெண்களுக்கு விதிகள் தளர்ந்த பிறகு, 1919இல் கீசன் பல்கலைக்கழகம் அவருக்கு விரிவுரை நடத்தும் தகுதியை வழங்கியது. அப்போது அவருக்கு வயது நாற்பது.

முதல் பெண் பேராசிரியர் என்ற கூற்றைத் தயவுசெய்து பாடத்தில் சேர்க்க வேண்டாம். கணிதவியலார் எம்மி நோய்தர் அதே 1919இல் கேட்டிங்கனில் இத்தகுதியைப் பெற்றார். 1923இல் ஹோஹன்ஹைமில் மார்கரெட்டே ஃபான் ராங்கெல் தாவர ஊட்டவியலில் முழுப் பேராசிரியர் ஆனார். பீபருக்கு அந்த 1923இல் கிடைத்தது துணைநிலைப் பேராசிரியர் பட்டம்தான். அவருடைய பெருமைக்கு அந்த முதலிடம் தேவையும் இல்லை.

மறுமொழி 2

வணக்கம். நான் ஆடை வடிவமைப்புக் கற்பிப்பவள். தொல்லியல் அறிஞர் அல்லள். ஆனால் உங்களுடைய இரண்டாவது கேள்வி என் அன்றாட வேலையோடு நேராகத் தொடர்புடையது என்பதால் எழுதுகிறேன். பீபரின் கிரேக்க உடை பற்றிய நூல் 1928இல் வெளிவந்தது. அதன் தொடர்ச்சியாக, கிரேக்க ஆடையின் வளர்ச்சி வரலாற்றை 1934இல் வெளியிட்டார். இந்த இரண்டையும் அறியாமல் அவருடைய அரங்க நூலின் அருமை முழுதாக விளங்காது என்பது என் உறுதியான எண்ணம்.

கிரேக்கர்களின் உடை வெட்டித் தைத்ததன்று. தறியிலிருந்து இறங்கிய செவ்வகத் துணி அப்படியே உடலில் ஏறியது. ஆகவே வெவ்வேறு உடைகளுக்கு இடையே உள்ள வேறுபாடு, துணியின் அளவிலும் இழையிலும் அதை உடுத்தும் முறையிலும்தான் இருந்தது. சேலையும் வேட்டியும் உடுத்துகிற நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. ஆனால் தைத்த உடையில் பிறந்து வளர்ந்த ஐரோப்பிய அறிஞர்கள் பலருக்குச் சிலையில் தெரியும் மடிப்புகளை அவிழ்த்துப் படிப்பது எளிதாக இருக்கவில்லை. நூல்களில் அவர்கள் வரைந்த சில விளக்கப்படங்களின்படி துணியைச் சுற்றினால் அது உடலில் நிற்கவே நிற்காது. பீபர் கீசனில் செய்தது என்னவென்றால், தக்க அளவில் துணிகளை எடுத்து, உயிருள்ள மனிதர்கள் மீது உடுத்திப் பார்த்து, சிலையில் உள்ள அதே மடிப்பு அதே இடத்தில் விழுகிறதா என்று சோதித்தார். அந்த ஒளிப்படங்களைச் சிற்பங்களின் படங்களோடு சேர்த்தே வெளியிட்டார்.

நேர்மையாக ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த முறையை முதலில் கையாண்டவர் பீபர் இல்லை. பாரிசில் லியோன் ஊசே நுண்கலைப் பள்ளி மாணவர்களுக்கு உயிருள்ள மாதிரிகளின் மீது பழங்கால உடைகளைச் சுற்றிக் காட்டிப் பாடம் நடத்தினார். அவருடைய நூல் அவர் இறந்தபின் 1922இல் வந்தது. ஆனால் அதைச் சிற்பங்களின் காலத்தையும் உண்மையையும் கணிக்கும் கருவியாக வளர்த்தெடுத்ததில் பீபரின் பங்கு பெரிது என்றே நான் கருதுகிறேன்.

என் வகுப்பில் ஆண்டுதோறும் செய்யும் பயிற்சி ஒன்றைச் சொல்கிறேன். உங்கள் மாணவர்களோடும் செய்து பாருங்கள். கனமான கம்பளித் துணி ஒன்றை எடுத்துக்கொள்ள வேண்டும். உயரம், உடுத்துபவரின் தோளிலிருந்து தரை வரை உள்ள அளவைவிட ஒரு முழத்துக்குச் சற்று மேல் இருக்க வேண்டும். அகலம், விரித்த கைகளில் ஒரு முழங்கையிலிருந்து மறு முழங்கை வரை உள்ள அளவைப் போல் இரு மடங்கு. மேல் விளிம்பில் ஒரு முழம் வெளிப்புறமாக மடித்துவிட்டு, துணியை உடலைச் சுற்றிக் கொண்டுவந்து, முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் இரு தோள்களிலும் ஊசியால் குத்திவிட வேண்டும். ஒரு பக்கம் மூடியும் மறு பக்கம் திறந்தும் இருக்கும். மடித்துவிட்ட முழத்துணி மார்பின் மேல் தனி மேலாடை போலத் தொங்கும். இதுதான் பெப்லோஸ்.

இப்போது உடுத்தியவரை ஒரு காலில் எடையை ஊன்றி, மற்றொரு முழங்காலைச் சற்றே மடக்கி நிற்கச் சொல்லுங்கள். ஊன்றிய காலின் மேல் கம்பளி நேர்க்கோடுகளாக, தூணில் வெட்டிய பள்ளங்களைப் போல ஆழமான கொசுவங்களாக விழும். மடக்கிய காலின் மேல் துணி இழுபட்டு வழவழப்பாகப் படிந்து, முழங்காலின் வடிவத்தைக் காட்டும். ஏதென்சின் எரெக்தியோன் கோயிலில் கூரையைத் தாங்கி நிற்கும் ஆறு பெண் சிலைகளின் படத்தை அப்போது பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிற்பி அழகுக்காகக் கற்பனை செய்தான் என்று நாம் நினைத்திருந்த ஒவ்வொரு கோடும் துணியின் எடையால் விழுந்த கோடு என்பது புலப்படும். என் மாணவிகள் அந்த நொடியில் பேச்சற்றுப் போவதைப் பலமுறை கண்டிருக்கிறேன்.

அதே வேலையை மெல்லிய லினன் துணியில் செய்தால் முடிவு வேறு. அகலமான லினனின் மேல் விளிம்பைத் தோளிலிருந்து கை நெடுக இடைவெளி விட்டு விட்டுப் பொத்தானிட்டால், தைக்காமலே கை வைத்தது போன்ற தோற்றம் வரும். மடிப்புகள் நெருக்கமாக, நலுங்கிய அலைகள் போலக் கிடக்கும். இது கிடோன். இவற்றின் மேல் போர்த்தும் பெரிய செவ்வகம் ஹிமேஷன். அது இடத் தோளில் தொடங்கி, முதுகைச் சுற்றி, வலக்கையின் மேலோ கீழோ வந்து, மீண்டும் இடப்புறம் விழும். அதன் மூலைகள் காற்றில் பறக்காதிருக்கச் சிறு எடைகளைக் கட்டியிருந்ததைச் சிலைகளிலேயே காணலாம். உரோமானியரின் டோகாவோ செவ்வகம் இல்லை. அதன் ஒரு விளிம்பு வளைவாக நெய்யப்பட்டது. ஆகவே ஒரு சிலையில் துணியின் மூலை எங்கே தொங்குகிறது, கீழ்விளிம்பு வளைகிறதா என்று பார்த்தாலே அணிந்திருப்பது எது என்று தெரிந்துவிடும். பீபர் 1959இல் எழுதிய நீண்ட கட்டுரை ஒன்று, கிரேக்க ஹிமேஷன் அணிந்து நிற்கும் உரோமானிய ஆண்களின் சிலைகளைப் பற்றியது. உடுப்பைச் சரியாகப் பெயரிடுவதில் தொடங்கினால் சிலையின் காலமும் பயனும் எவ்வளவு தூரம் தெளிவாகின்றன என்பதற்கு அந்தக் கட்டுரை நல்ல சான்று.

மறுமொழி 3

மேலே எழுதிய இருவருக்கும் நன்றி. நான் கிரேக்கச் சாடி ஓவியங்களை ஆய்பவன். மூன்றாவது கேள்விக்கு மட்டும் விடை தருகிறேன்.

பீபரின் அரங்க நூலுக்கு வேர் 1920இல் அவர் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட, பண்டைய அரங்கு சார்ந்த சின்னங்களைத் தொகுத்து விளக்கும் பெருநூல். அதற்கு முன்பும் அரங்கக் கட்டடங்களை அளந்தவர்கள் இருந்தார்கள். ஜெர்மன் தொல்லியலாளர் டோர்ப்ஃபெல்ட் ஏதென்சின் தியோனிசஸ் அரங்கில் செய்த பணி மறக்கத்தக்கதன்று. ஆனால் கட்டடம், முகமூடி, சுடுமண் பொம்மை, சாடி, சுவரோவியம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்து, இவை நடிப்பைப் பற்றி என்ன சொல்கின்றன என்று கேட்டதில்தான் பீபரின் சிறப்பு இருக்கிறது.

அவர் வலியுறுத்தியவற்றில் இன்றும் உறுதியாக நிற்பது, துன்பியல் நடிகரின் காலணி பற்றியது. பழைய பாடநூல்கள் பலவற்றில், கி.மு. 5ஆம் நூற்றாண்டுத் துன்பியல் நாடக ஆசிரியர் சோஃபக்ளீசின் நடிகர்கள் கட்டை போன்ற உயர்ந்த அடிகள் கொண்ட காலணியில், நெற்றிக்கு மேல் உயர்ந்த முடியுடைய முகமூடியோடு நிற்பதாக வரைந்திருப்பார்கள். அந்தத் தோற்றத்துக்குச் சான்றாகக் காட்டப்படுவது இத்தாலியின் ரியேத்தியில் கிடைத்து, இப்போது பாரிசின் பெத்தி பலே அருங்காட்சியகத்தில் உள்ள தந்தச் சிற்பம். ஆனால் அது உரோமானியப் பேரரசுக் காலத்தது. சோஃபக்ளீசுக்கு 500 ஆண்டுகளுக்கும் மேல் பிந்தியது. கி.மு. 5ஆம் நூற்றாண்டு நடிகரைக் காண வேண்டுமானால் நேப்பிள்சில் உள்ள ப்ரோனொமோஸ் சாடியைப் பார்க்க வேண்டும். கி.மு. 400ஐ ஒட்டி ஏதென்சில் செய்யப்பட்டு, 1835இல் தென்னித்தாலியின் ரூவோவில் கண்டெடுக்கப்பட்டது அது. குழலிசைஞன் நடுவில் அமர்ந்திருக்க, நடிகர்கள் முகமூடியைக் கையில் பிடித்தபடி நிற்கிறார்கள். நிறையப் பூவேலை செய்த, கை வைத்த நீண்ட அங்கிகள். காலில் மென்மையான, தட்டையான அடிகளை உடைய காலணிகள். நடிகர் ஓடலாம், ஆடலாம், மண்டியிடலாம். உங்கள் மாணவர்கள் மேடையில் நிற்கும் முறையையே இந்த ஒரு சாடி மாற்றிவிடும் என்று நம்புகிறேன்.

கைவிட வேண்டியதும் உண்டு. தென்னித்தாலியச் சாடிகளில், பருத்த வயிறும் தொங்கும் தோல் குறியும் கொண்ட நகைச்சுவை நடிகர்களின் காட்சிகள் ஏராளமாக உள்ளன. அவற்றைப் பீபரும் அவர் காலத்து அறிஞர் பெரும்பாலோரும், அந்தப் பகுதிக்கே உரிய ஃபிலியாக்ஸ் என்ற நாட்டுப்புற நகைச்சுவைக் கூத்தின் படங்கள் என்று கொண்டார்கள். அவர் வாழ்நாளிலேயே சிலர் இதை ஐயுற்றார்கள். வூர்ட்ஸ்பர்க் அருங்காட்சியகத்தில் உள்ள, கி.மு. 370ஐ ஒட்டிய ஒரு சாடி இந்த விவகாரத்தைத் தெளிவாக்கியது. ஒருவன் பலிபீடத்தின் மேல் மண்டியிட்டுக் கத்தியைப் பிடித்திருக்கிறான். அவன் கையில் குழந்தைக்குப் பதிலாகக் காலணி மாட்டிய ஒயின் தோற்பை இருக்கிறது. எதிரே ஒரு பெண் அதிலிருந்து சிந்துவதைப் பிடிக்கக் கிண்ணம் ஏந்தி வருகிறாள். இது ஏதென்சின் நகைச்சுவை நாடக ஆசிரியர் அரிஸ்டோஃபனீஸ் கி.மு. 411இல் அரங்கேற்றிய பெண்கள் திருவிழா நாடகத்தின் காட்சி என்பதை 1980களில் சாப்போ, டாப்ளின் என்ற அறிஞர்கள் எடுத்துக்காட்டினார்கள். அதாவது ஏதென்சின் நாடகங்கள் கடல் கடந்து இத்தாலியில் நடிக்கப்பட்டன. அந்தச் சாடிகளில் பலவும் அவற்றைத்தான் காட்டுகின்றன. ஆகவே பீபரின் நூலில் ஃபிலியாக்ஸ் பற்றிய அதிகாரத்தைப் படங்களுக்காகப் பயன்படுத்துங்கள். விளக்கத்துக்குப் புதிய நூல்களை நாடுங்கள். பிற்காலத்தவர் அவருடைய முடிவை மறுப்பதற்கும் அவர் திரட்டித் தந்த படங்களே கைகொடுத்தன என்பதை மறவாமல் சொல்ல விரும்புகிறேன்.

கேள்வி கேட்டவர்

மூவருக்கும் மனமார்ந்த நன்றி. நான் எதிர்பார்த்ததைவிடப் பன்மடங்கு கிடைத்தது. கம்பளித் துணிப் பயிற்சியை அடுத்த வாரமே வகுப்பில் செய்யப் போகிறேன். எரெக்தியோன் சிலைகளின் படத்தையும் பெரிதாக அச்சிட்டு வைத்துவிட்டேன். ஓர் ஐயம் மட்டும் மீந்திருக்கிறது. முதல் மறுமொழி 1923ஓடு நின்றுவிட்டது. அதன் பிறகு அவருக்கு என்ன நேர்ந்தது, 50 வயதைக் கடந்தவர் வேற்று மொழியில் எப்படி மீண்டும் தொடங்கினார், கீசனோடு அவருக்கு உறவு பிறகு இருந்ததா என்பதைச் சொல்ல முடியுமா?

மறுமொழி 1 எழுதியவர்

மிகவும் நீண்டுவிடும் என்று நிறுத்தினேன் ஐயா. கேட்டதற்கு மகிழ்ச்சி.

1930களின் தொடக்கத்தில் கீசனின் தொல்லியல் துறை பீபரின் பொறுப்பில் இருந்தது. திருமணம் செய்துகொள்ளாத அவர் ஒரு சிறுமியைத் தத்தெடுத்திருந்தார். முழுப் பேராசிரியர் பதவி கைக்கெட்டும் தொலைவில் இருந்த வேளையில், 1933ஆம் ஆண்டு ஏப்ரல் 7ஆம் நாள் நாஜி அரசு, அரசுப் பணியைச் சீரமைப்பது என்ற பெயரில் ஒரு சட்டத்தைக் கொண்டுவந்தது. யூத வழியில் வந்தவர்களை அரசுப் பணியிலிருந்து நீக்க வகைசெய்த சட்டம் அது. அந்தக் கோடையிலேயே பீபர் வேலை இழந்தார். பல்கலைக்கழகத்துக்குள் நுழைய முப்பது ஆண்டுகள் போராடியவரை வெளியேற்ற ஒரு சட்டப்பிரிவு போதுமானதாக இருந்தது. மேலே அம்மா குறிப்பிட்ட 1934ஆம் ஆண்டு உடை வரலாற்று நூல் பெர்லினில் அச்சாகி வந்தபோது, அதை எழுதியவர் ஜெர்மனியில் இல்லை.

முதலில் இங்கிலாந்து சென்றார். ஆக்ஸ்ஃபோர்டின் சோமர்வில் கல்லூரி அவரை மதிப்புறு உறுப்பினராக ஏற்றுக்கொண்டது. 1934இல் நியூயார்க்கின் பார்னார்டு கல்லூரி அழைக்க, தத்துமகளோடு அமெரிக்கா போனார். 1936 முதல் 1948இல் ஓய்வு பெறும் வரை கொலம்பியா பல்கலைக்கழகத்தில் இணைப் பேராசிரியராக இருந்தார். முழுப் பேராசிரியர் பதவி அங்கும் அவருக்குக் கிடைக்கவில்லை. அமெரிக்கா அவருக்கு உயிரையும் வேலையையும் தந்தது உண்மை, ஆனால் அவருடைய தகுதிக்கு ஏற்ற இடத்தைத் தரவில்லை என்பதும் உண்மை.

இடம் எதுவானாலும் வேலை நின்றதில்லை. நீங்கள் படித்த அரங்க நூல், நியூயார்க் சேர்ந்த ஐந்தே ஆண்டுகளில் ஆங்கிலத்தில் வந்தது. போர் நடந்துகொண்டிருந்த 1942இல், 1506இல் உரோமில் கண்டெடுக்கப்பட்ட லாவோகூன் சிற்பம் பிற்காலக் கலையில் செலுத்திய தாக்கத்தைப் பற்றிச் சிறு நூல் எழுதினார். 1946இல், கலை வரலாறு படிக்கும் அமெரிக்க மாணவர்கள் ஜெர்மன் மொழியில் வாசித்துப் பழகுவதற்கென ஒரு பயிற்சி நூலை வெளியிட்டார். தம்மைத் துரத்திய நாட்டின் மொழியை அந்தப் போர் முடிந்த மறு ஆண்டே மாணவர்களுக்குக் கற்றுக்கொடுக்க முனைந்த அந்த மனத்தை நான் வணங்குகிறேன். ஓய்வுக்குப் பிறகு பிரின்ஸ்டனிலும் கற்பித்தார்; 1955இல் ஹெலெனியக் காலச் சிற்பம் பற்றிய பெருநூலை எழுதினார். அலெக்சாந்தருக்குப் பிந்திய கலையைச் சரிவு என்று ஒதுக்கும் வழக்கம் வலுவாக இருந்த காலம் அது. குடிகாரக் கிழவி, களைத்த குத்துச்சண்டை வீரன் என்று அந்தக் காலச் சிற்பிகள் படைத்த மனிதர்களை, பெரிக்ளீஸ் காலக் கடவுளருக்குக் கொடுத்த அதே கவனத்தோடு அவர் விவரித்தார். பல ஆண்டுகள் அது பாடநூலாக இருந்தது.

கீசனைப் பற்றிக் கேட்டீர்கள். 1944 டிசம்பர் 6ஆம் நாள் குண்டுவீச்சில் அந்த நகரம் பெரிதும் அழிந்தது. பீபர் பாடம் நடத்தப் பயன்படுத்திய, சிலைகளின் சுதை வார்ப்புப் படிகளின் தொகுப்பும் அதில் போயிற்று. 1607இல் நிறுவப்பட்ட அப்பல்கலைக்கழகம் தன் 350ஆம் ஆண்டு நிறைவை 1957இல் கொண்டாடியபோது, பீபருக்கு மதிப்புறு ஆட்சிமன்ற உறுப்பினர் பட்டம் அளித்தது. இன்று அங்கே அவர் பெயரில் ஒரு கூடம் இருக்கிறது. 1974இல் அமெரிக்கத் தொல்லியல் நிறுவனம் தன் தங்கப் பதக்கத்தை அவருக்கு வழங்கியது.

காசல் அருங்காட்சியகத்துப் படிகளை மனத்தில் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தேன். 1915இல் அந்தப் பட்டியலை எழுதும்போது தொடங்கிய கேள்வி, 62 ஆண்டுகள் கழித்து, 1977இல் அவர் வெளியிட்ட கடைசி நூலில் முழு வடிவம் பெற்றது. பழங்காலப் படிகள் என்பதே அதன் பொருள். உரோமானியக் காலச் சிற்பிகள் கிரேக்கச் சிலைகளைப் படியெடுத்தபோது, தங்கள் காலத்தில் எவரும் உடுத்தாத பெப்லோசையும் கிடோனையும் சரியாகப் புரிந்துகொள்ளவில்லை. ஒன்றின் விளிம்பை மற்றொன்றில் ஒட்டினார்கள், திறந்திருக்க வேண்டிய பக்கத்தை மூடினார்கள், இருக்கவே முடியாத இடத்தில் கொசுவம் வைத்தார்கள். உடுத்திப் பார்த்தவருக்கே அந்தப் பிழைகள் தெரியும். எந்தச் சிலை மூலத்துக்கு உண்மையாக நடந்துகொள்கிறது, எது படியெடுத்தவரின் புதுப் படைப்பு என்பதை அந்தப் பிழைகளைக் கொண்டே அவர் பிரித்துக் காட்டினார். எல்லா முடிவுகளையும் பின்வந்தவர்கள் ஏற்கவில்லை. இன்றைய அறிஞர்கள் உரோமானியச் சிற்பியைப் பிழை செய்பவராகப் பார்ப்பதைவிட, தம் வாடிக்கையாளரின் விருப்பத்துக்கேற்ப மாற்றியவராகப் பார்க்கவே விரும்புகிறார்கள். ஆனால் எது மாற்றப்பட்டது என்று கண்டறிவதற்கு அவர்களும் பீபரின் படங்களையே புரட்ட வேண்டியிருக்கிறது.

நூல் வெளிவந்த மறு ஆண்டு, 1978 பிப்ரவரி 25ஆம் நாள், கனெக்டிகட்டின் நியூ கேனன் நகரில் தம் 98ஆவது வயதில் அவர் காலமானார்.